ஞாபகத்துக்கு அரை மாத்திரை

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருபத்திரண்டு வருடமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். டி.ஃபார்ம் படித்துப் பாஸ் பண்ணி, சர்டிஃபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். அடுத்தவன் சர்டிஃபிகேட்டை வாங்கி மாட்டிக்கொண்டு கடை நடத்துகிற ஆள் நான் இல்லை என்பதை, கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. பின்னால் வரப்போவதைப் படித்துவிட்டு, பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

எங்கள் பக்கத்து மெடிக்கல்களில் ‘செட்’ என்று ஒன்று உண்டு. ஜுரம், சளி, உடம்பு வலி, எதுவாக இருந்தாலும் ஜனங்கள் வந்து கவுன்டரில் கையை ஊன்றிக்கொண்டு, “ஒரு செட் குடுப்பா” என்பார்கள். அட்டையிலிருந்து மூன்று நான்கு மாத்திரைகளைக் கத்தரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டு, காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு இரண்டு கோடு என்று பேனாவால் கிழித்துக் கொடுப்போம். டாக்டர் சீட்டெல்லாம் கிடையாது. தப்புதான். ஊர் முழுக்க நடக்கிற தப்பு. எனக்கு அதில் நல்ல பெயர் வேறு, கைராசிக்காரன் என்பார்கள். வந்தவர் தொந்தரவைச் சொல்லி முடிப்பதற்குள் என் கை மாத்திரைப் பெட்டிக்குப் போய்விடும். எந்தத் தொந்தரவுக்கும் ஒரு மாத்திரை உண்டு என்கிற திமிர் அந்தக் கையில் ஏறியிருந்தது. அந்தக் கையால்தான் நைனாவுக்கும் கொடுத்தேன்.

நைனா என்றால் என் அப்பா. எழுபத்தாறு வயது. கடையிலிருந்து பைக்கில் கால் மணி நேரத்தில் எங்கள் ஊர். மேட்டுக் கழனி, பனமரத்துக் கழனி, பள்ளக் கழனி, மதகுக் கழனி என்று நாலு துண்டு நிலம். ஏரித் தண்ணீர் எந்தக் கழனிக்கு எத்தனை நேரத்தில் ஏறும் என்று வீட்டில் உட்கார்ந்தபடியே சொல்லுவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் மோட்டார் போட்டுவிட்டு அதை மறந்து, பக்கத்துக் கழனியெல்லாம் வெள்ளம். இன்னொரு நாள் சாப்பிட்டு ஏப்பம் விட்ட கையோடு, “இன்னும் நாஷ்டா ஆவலியா?” என்றார். என் மனைவி முதலிலேயே கவனித்துவிட்டாள். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று நான்தான் அவள் வாயை அடைத்தேன்.

பிறகு நைனா ஒரு நாள் டவுன் பஸ் ஏறி என் கடைக்கே வந்தார். கவுன்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, என்னையே நேராகப் பார்த்துக் கேட்டார்: “ஏம்பா, இங்க எம்புள்ள மெடிக்கல் வெச்சிகினு கீறான், அது எங்க கீது?”

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் சிரித்துவிட்டார், கிண்டல் என்று நினைத்து. நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு எனக்கு வந்தது துக்கம் இல்லை, வெட்கம். அதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நிதானமான மனுஷி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்தார். நைனாவிடம் இன்றைக்கு என்ன கிழமை, என்ன மாசம் என்று கேட்டார். நைனாவுக்குத் தெரியவில்லை. “நெலம் இருக்கா பெரியவரே?” என்று கேட்டதும் நாலு கழனியையும் வரிசையாகச் சொன்னார். டாக்டர் அதையும் குறித்துக்கொண்டார். அல்சைமர் நோயால் வருகிற டிமென்ஷியா, நடுக்கட்டத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது என்றார்.

“மருந்து இருக்கு. ஆனா எதுவும் போன ஞாபகத்தைத் திருப்பிக் கொண்டுவராது. வேகமா போறதைக் கொஞ்சம் மெதுவாக்கலாம், சில பேருக்கு. அவ்ளோதான் எதிர்பார்க்கணும்.”

எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவுதான் என்று சொல்ல அவர் யார்? நான் மெடிக்கல்காரன், நானே பார்க்கிறேன் என்று ஒரு வீம்பு. மறுநாள் கடையில் ஒரு நோட்டை எடுத்து நாலு கட்டம் போட்டேன். மருந்துப் பெட்டிகளுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதங்களைப் பிரித்து, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு படித்தேன். டோனெபெசில்: ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை, வயிற்றுப் பிரட்டல், கெட்ட கனவு, நாடித் துடிப்பு குறையலாம். ரிவாஸ்டிக்மின்: கேப்சூல் என்றால் இரண்டு வேளை, சாப்பாட்டோடு, இல்லையென்றால் தோலில் ஒட்டுகிற பட்டை, வயிற்றுத் தொந்தரவு குறைவு. கேலன்டமின்: அதே வகை, எங்கள் பக்கம் ஸ்டாக் கிடைப்பது கஷ்டம். மெமன்டின்: வேறு வழியில் வேலை செய்கிறது, நோய் முற்றினவர்களுக்கு, டோனெபெசிலோடு சேர்த்தும் கொடுக்கலாம்.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. எழுத்து அழகாக இருக்கிறது. டோனெபெசில் கட்டத்தில் நாலாவது வரியில் ‘சிறுநீர் அடக்க முடியாமல் போகலாம்’ என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி எழுதி, பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரியே மறந்திருக்கிறேன்.

டாக்டரும் டோனெபெசிலில்தான் ஆரம்பித்தார். முதலில் குறைந்த அளவு, சில வாரம் கழித்து இரட்டிப்பு. மூன்று மாசத்தில் நைனா கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தார். மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார். நான் அந்த நோட்டைப் புரட்டி, டோனெபெசில் கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். என்னவோ நானே கண்டுபிடித்த மருந்து மாதிரி.

அப்புறம்தான் புள்ளலூரில் அந்தக் காதுகுத்து. சொந்தக்காரர் வீடு. நைனா பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாகத்தான் சாப்பிட்டார். எழுந்திருக்கும்போது பார்த்தால் வேட்டி முழுக்க நனைந்து, நாற்காலியிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த பந்திக்குக் காத்திருந்த கூட்டம் நாற்காலிகளுக்குப் பின்னாலேயே நின்றது. ஒருத்தர் மெதுவாகச் சொன்னார், ஆனால் என் காதில் விழுகிற மெதுவில்: “மெடிக்கல் வெச்சிகினு கீறான், பெத்தவனுக்கு ஒரு மாத்திர குடுக்கத் துப்பில்ல.”

நைனா என்னைப் பார்த்தார். அவருக்கு என்ன நடந்தது என்று முழுசாகத் தெரிந்ததா என்று தெரியாது. ஆனால் முகம் சின்னப் பிள்ளை முகமாகச் சுருங்கியிருந்தது. நான் என் துண்டை எடுத்து அவர் இடுப்பில் சுற்றவில்லை. “எழுந்து வா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். கையைப் பிடித்து இழுத்தேன். என் மனைவிதான் ஓடி வந்து ஈரத்தைத் துடைத்தாள். “இன்னொரு வேட்டி எடுத்தாந்துக்கலாம்னு காலையிலயே சொன்னேன் இல்ல?” என்றாள். ஆமாம், சொன்னாள். வேட்டியைப் பையில் எடுத்துக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

மறுநாள் கை தானாகப் பெட்டிக்குப் போனது. சிறுநீர்ப்பை அடிக்கடி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு மாத்திரை உண்டு, ஆக்ஸிபியூட்டினின். டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாது. வயசானவர், பாதி போதும் என்று பிளேடால் இரண்டாக வெட்டினேன். அது ஏதோ பெரிய ஜாக்கிரதை என்று நினைப்பு. சாயந்திரம் டாக்டர் கொடுத்த மாத்திரையோடு அந்த அரையையும் நைனா உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் அதை விரலால் புரட்டிப் பார்த்தார். “இது இன்னாத்துக்குடா, அர மாத்திர?”

ஒண்ணுக்கு அடங்க என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் காதுகுத்தை ஞாபகப்படுத்தின மாதிரி ஆகும், அவருக்கு வெட்கமாக இருக்கும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். வெட்கம் அவருக்கு இல்லை, எனக்கு.

“ஞாபகத்துக்கு, நைனா.”

“ஞாபகத்துக்கா? அப்ப சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று வாயில் போட்டுக்கொண்டார்.

மாத்திரை வேலை செய்தது. கேடு அதுதான். இரண்டே வாரத்தில் வேட்டி நனைவது நின்றுவிட்டது. அரை போய்க் காலையில் அரை, ராத்திரி அரை என்று ஆனது. நைனா அந்த அரை மாத்திரைக்கு மட்டும் தனி மரியாதை கொடுத்தார். முழு மாத்திரைகளை முகம் சுளித்து விழுங்குவார். இதை மட்டும், “ஞாபக மாத்திர எங்க?” என்று கேட்டு வாங்குவார். நான் சிரித்துக்கொண்டே கொடுப்பேன்.

ஆனால் ஆள் சரிய ஆரம்பித்தார். எந்நேரமும் வாய் வறண்டு, தண்ணீர் தண்ணீர் என்பார். வெயில் என்றேன். மூன்று நாளைக்கு ஒரு முறைகூட வெளிக்குப் போகவில்லை. சாப்பாடு சரியில்லை என்று மனைவியைத் திட்டினேன். பகலெல்லாம் தூங்கி வழிந்தார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்று துண்டால் தட்டினார். ஞாபகத்தில் இருந்த கழனிகளில் முதலில் பள்ளக் கழனி போனது, அப்புறம் மதகுக் கழனி. கடைசியில் பனமரம் மட்டும் நின்றது. “பனமரம், பனமரம்” என்பார், அதோடு நின்றுவிடும்.

டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். நோட்டையும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். “டோனெபெசில் இவருக்குக் கேக்கல டாக்டர். பட்டைக்கு மாத்துங்க” என்றேன். அவர் நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். பிறகு கேட்டார்.

“இது தவிர வேற ஏதாவது மாத்திரை குடுக்கறீங்களா? தூக்கத்துக்கு, அரிப்புக்கு, சளிக்கு, யூரினுக்கு? எதுவா இருந்தாலும் சொல்லுங்க.”

எவ்வளவு தெளிவான கேள்வி. யூரின் என்ற வார்த்தைகூட வந்துவிட்டது. பக்கத்தில் நைனா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். சொன்னால் சீட்டில்லாமல் எப்படிக் கொடுத்தாய் என்பார். ஒரு மெடிக்கல்காரன் டாக்டர் முன்னால் தலைகுனிய வேண்டும். “இல்ல டாக்டர். நானே மெடிக்கல்தானே வெச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?” என்றேன். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை இன்றைக்கும் குளிக்கும்போது, பைக் ஓட்டும்போது, திடீரென்று நினைத்துக்கொண்டு, வாய்விட்டு ‘சீ’ என்கிறேன்.

பட்டைக்கு மாறினோம். தினம் ஒன்று, பழையதை உரித்துவிட்டுப் புதிய இடத்தில் ஒட்ட வேண்டும். நைனா அதைப் பிய்த்து ஒரு நாள் கேஸ் சிலிண்டர் மேல் ஒட்டியிருந்தார். முதுகில் கை எட்டாத இடமாகப் பார்த்து ஒட்டினோம், தோல் சிவந்து தடித்தது. மூன்று மாசத்தில் அதையும் விட்டு மறுபடி டோனெபெசில், கூடவே மெமன்டின். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நோட்டில் ஒரு கட்டத்தை அடித்தேன். எது மாறினாலும் அரை மாத்திரை மட்டும் மாறவில்லை. நோட்டில் அதற்குக் கட்டமே கிடையாது.

அந்தச் சமயத்தில் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். மனைவி போயாக வேண்டும். சாலவாக்கத்தில் கட்டிக்கொடுத்த என் தங்கை, “பதினஞ்சு நாள் நைனா எங்க வூட்ல இருக்கட்டும் அண்ணே” என்று வந்தாள். நாள் கணக்குக்குத் தனித்தனி கவர் போட்டு, கோடு கிழித்துக் கொடுத்தேன். டோனெபெசில் போட்டேன், மெமன்டின் போட்டேன். அரை மாத்திரையைக் கையில் எடுத்தபோது தங்கை மகள் ஞாபகம் வந்தது. நர்சிங் இரண்டாவது வருஷம். மாத்திரை அட்டையைக் கேட்பாள், பெயரைப் படிப்பாள், எதற்கு என்று போனில் தேடிப் பார்ப்பாள். எடுத்த மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினேன்.

பத்தாவது நாள் தங்கை போன் பண்ணினாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “அண்ணே, நைனா காலைல என்னப் பேர் சொல்லிக் கூப்ட்டாரு! எறும்பு கிறும்பு எதுவும் சொல்றதில்ல. நம்ம கழனி நாலுத்தையும் சொல்லிகினே கீறாரு. அந்தப் புது மருந்து வேல செய்து போல கீது!”

“ஒண்ணுக்கு?” என்றேன்.

“அது போறாரு. அதுக்கின்னா? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி நானே கூட்டிகினு போய்டறேன். எப்பனா நனைஞ்சா வேட்டி மாத்தறேன். இது ஒரு பேஜாரா?”

போனை வைத்துவிட்டுக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஒருவர் வந்து செட் கேட்டார். கை பெட்டிக்குப் போகவில்லை. நாளைக்கு வாங்க என்றேன்.

கல்லூரியில் படித்த பாடம்தான், புதிதாக ஒன்றும் இல்லை. டோனெபெசிலும் அந்தப் பட்டையும் மூளையில் ஒரு ரசாயனம் வடிந்துபோகாமல் தேக்கிவைக்கின்றன. அந்த அரை மாத்திரை, அதே ரசாயனம் போய்ச் சேருகிற வழியை அடைக்கிறது. நைனாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஏரி மதகை மூடித் தண்ணீரைத் தேக்கிவிட்டு, கழனிக்குப் போகிற கால்வாயில் மண்ணைக் கொட்டியிருக்கிறேன். ஒன்பது மாசம். மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நாலு கட்டம் போட்டவன், ஐந்தாவதாக நானே கொடுத்ததை ஒப்பிடவே இல்லை.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. தங்கை மகள் கண்ணில் படக் கூடாது என்று மறைத்தேனே, ஏன்? சரியான மருந்தென்றால் ஏன் மறைக்க வேண்டும்? அப்படியென்றால் எங்கேயோ எனக்குத் தெரிந்திருக்கிறது. டப்பாவை மூடின கைக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுத் தனியாக டாக்டரிடம் போனேன். டோக்கன் வாங்கிக் காத்திருந்து சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

“முதல் தடவை நனைஞ்சப்பவே வந்திருந்தீங்கன்னா டோஸைக் குறைச்சுப் பார்த்திருக்கலாம். டோனெபெசிலாலயே அது வரலாம். நீங்கதான் எழுதி வெச்சிருந்தீங்களே” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் திரும்பிக் கத்தியிருப்பேன், அது எனக்குப் பழக்கம்.

“இப்ப வந்த தெளிவு அப்படியே நிக்குமா டாக்டர்?”

“கொஞ்ச நாள் இருக்கலாம். நோய் அதுபாட்டுக்குப் போய்க்கிட்டுதான் இருக்கு. அந்த மாத்திரையைத் திரும்பக் கொடுக்காதீங்க. வீட்ல எல்லாருக்கும் சொல்லிடுங்க, நாளைக்கு வேற யாராவது தெரியாம ஆரம்பிச்சிடக் கூடாது.”

வீட்டில் எல்லாருக்கும். அங்கிருந்து நேராகச் சாலவாக்கம் போனேன். தங்கையிடம் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். ஏரிக்கரை மேல் வண்டி போகும்போது எல்லாம் சுலபமாக இருந்தது.

நைனா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேட்டி வெளுப்பாக, உலர்ந்து இருந்தது. தங்கை காபி கொண்டுவந்து கொடுத்தபடி சொன்னாள்: “நீ அந்த நோட்டு போட்டு, டாக்டராண்ட சண்ட போட்டு, மருந்து மாத்தி மாத்தி வாங்கினது வீண் போவல அண்ணே. வேற யாரா இருந்தாலும் வுட்டுட்டிருப்பாங்க.”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். காபி டம்ளரைப் பார்த்தேன். “உம்” என்றேன். இதையும் எழுதியாக வேண்டும்: அந்தப் பாராட்டு எனக்கு ஒரு நொடி இனித்தது.

அதற்குள் நைனா என்னைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் முகம் மலர்ந்தது. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு என் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு வலது கையை என் பக்கம் நீட்டினார். கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்து நான் டம்ளரைக் கீழே வைத்தேன். ஆனால் அந்த உள்ளங்கை குழித்து, மேல் பார்த்து இருந்தது.

“இன்னாடா நீ, இவ்ளோ நாளா வராம கீற? இவ அந்த அர மாத்திரய குடுக்கறதே இல்லடா. ஞாபகத்துக்குக் குடுப்பியே, அது. நீ எடுத்தாந்தியா?”

இன்றைக்கு என்ன கிழமை என்பது போய்விட்டது. அம்மா செத்தது போய்விட்டது. நான் சொன்ன பொய் மட்டும் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் இருந்தது.

தங்கை திரும்பினாள். “அர மாத்திரயா? அது இன்னா அண்ணே? நீ குடுத்த கவர்ல இல்லியே. நான் எதுனா வுட்டுட்டேனா?” அவள் முகத்தில் பயம் வந்துவிட்டது, தன் தப்போ என்று.

“நீ எதுவும் வுடல” என்றேன். நைனாவைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, அந்தக் கையைப் பார்த்துச் சொன்னேன். “அது ஞாபகத்துக்கு இல்ல, நைனா. ஒண்ணுக்கு அடங்கறதுக்கு. அதனாலதான் ஒனக்கு எல்லாம் போச்சு. டாக்டருக்குத் தெரியாம நானே குடுத்தேன். புள்ளலூர்ல எல்லாரும் பாத்தாங்கன்னு குடுத்தேன்.”

நைனாவுக்கு எவ்வளவு எட்டியதோ தெரியவில்லை. “சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

தங்கை என் பக்கம் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நீட்டியிருந்த அந்தக் கையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, “எழுந்துரு நைனா, ஒண்ணுக்கு போய்ட்டு வந்துடலாம்” என்று கூட்டிக்கொண்டு போனாள்.